கடலூர், பாண்டிச்சேரி ஆன்லைன் கடைகள் கூகுள் தேடலில் வர: எந்த வேலையை முதலில் செய்வது, எதைத் தள்ளிப் போடுவது

பண்ருட்டி முந்திரி, கடலூர் முதுநகர் கருவாடு, வில்லியனூர் சுடுமண் பொம்மை, பாண்டிச்சேரி ஹேண்ட்மேட் பேப்பர் என்று நம் பக்கத்துச் சரக்கை இணையத்தில் விற்கும் சிறு கடைகளுக்கு நான் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்து தருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நன்றாகத்தான் உழைக்கிறார்கள், வரிசைதான் மாறிவிடுகிறது. கடையின் பக்கங்கள் கூகுளில் ஏறவே இல்லை என்று தெரியாமல் மூன்று மாதம் தினமும் கட்டுரை எழுதிப் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ளதை வரிசையாகவே செய்யுங்கள். ஒரு படி முடியாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

டொமைன் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். நான் முதலில் எடுத்துச் செய்த கடைக்கு டொமைன் வாங்கிக் கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். புதுப்பிக்கும் தேதி தாண்டியது, அவர் போனை எடுக்கவில்லை, ஒன்பது நாள் கடையே திறக்கவில்லை. இதை முதலில் சரிசெய்யுங்கள், ஏனென்றால் இனிமேல் செய்யப்போகும் எல்லா வேலையும் அந்த முகவரியின் மேல்தான் நிற்கப்போகிறது.

கடைக்கென்று தனி ஜிமெயில் ஒன்று தொடங்குங்கள். சர்ச் கன்சோல் (தளம் கூகுளில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி), மெர்ச்சன்ட் சென்டர் (பொருட்களைக் கூகுளுக்குக் கொடுக்கும் கணக்கு), வணிகச் சுயவிவரம் (கூகுள் வரைபடத்தில் கடையைக் காட்டும் பக்கம்) எல்லாம் அதிலேயே இருக்கட்டும். வேலை பார்க்கும் பையனின் சொந்த ஜிமெயிலில் தொடங்கிவிட்டு, அவர் வேறு வேலைக்குப் போன பிறகு தவித்த கடைகள் உண்டு.

அப்புறம் சரக்குப் பட்டியல். பொருளின் பெயர், எடை, விலை, இருப்பு, படத்தின் பெயர் என்று ஒரு ஷீட்டில் போட்டு வையுங்கள். கூடவே அனுப்பும் செலவு, திருப்பி எடுக்கும் விதி, தொடர்பு எண், உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) எண் எல்லாவற்றையும் எழுதித் தளத்தில் போட்டுவிடுங்கள். வாங்குகிறவர் நம்புவதற்கு அது வேண்டும், ஆறாவது படியில் கூகுளும் அதைத் தேடும்.

2. கூகுளுக்குக் கடை தெரிகிறதா என்று பாருங்கள்

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைப் போடுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் கதவு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். நாற்பது பொருள் விற்கும் கடைக்கு நானூறு பக்கம் வந்தால் அதுவும் கோளாறுதான், வடிகட்டிப் பார்க்கும் பக்கங்களும் தேவையில்லாத டேக் பக்கங்களும் உள்ளே ஏறியிருக்கின்றன. இதில் வரும் எண்ணிக்கை தோராயமானது, சரியான கணக்கு சர்ச் கன்சோலில்தான் கிடைக்கும்.

சர்ச் கன்சோலில் சேர்க்கும்போது இரண்டு வழி காட்டும். டொமைன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) பகுதிக்குப் போய், கூகுள் தரும் வரியை டெக்ஸ்ட் பதிவாக ஒட்ட வேண்டும், பார்க்கப் பயமாக இருந்தாலும் பத்து நிமிட வேலை. இன்னொரு வழியில் முகவரியின் ஒரு வடிவத்துக்கு (www உள்ளது அல்லது இல்லாதது போல) மட்டும்தான் தகவல் வரும், டொமைன் வழியில் எல்லா வடிவமும் ஒரே இடத்தில் சேரும்.

பூட்டு எங்கே இருக்கும்? தளம் கட்டிய மென்பொருள் வேர்ட்பிரஸ் என்றால் அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் கட்டும்போது டிக் போடுவார்கள், கடையைத் திறக்கும் நாளில் எடுக்க மறந்துவிடுவார்கள். என்னிடம் வருகிற கோளாறுகளில் அதிகம் இதுதான். ஷாப்பிஃபை என்ற கடைத் தளச் சேவை என்றால் கடைக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது இருக்கும்வரை கூகுள் உள்ளே வராது.

எங்கே வரக்கூடாது என்று கூகுளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும், பட்டியலிட வேண்டாம் என்று பக்கத்தில் போடும் நோஇண்டெக்ஸ் குறியையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ரோபோட்ஸ் கோப்பில் தடுத்தால் கூகுள் அந்தப் பக்கத்தைப் படிக்காது, ஆனால் வேறு எங்காவது இணைப்பைப் பார்த்தால் முகவரியை மட்டும் பட்டியலில் காட்டக்கூடும். பட்டியலிலேயே வரக்கூடாது என்றால் நோஇண்டெக்ஸ் போட வேண்டும், அதைப் படிக்கக் கூகுள் உள்ளே வந்தாக வேண்டும் என்பதால் ரோபோட்ஸில் தடுக்கக் கூடாது. கார்ட், கணக்கு, பணம் கட்டும் பக்கங்களுக்கு நோஇண்டெக்ஸ் போதும்.

கடைசியாக சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) முகவரியைச் சர்ச் கன்சோலில் கொடுங்கள். ஷாப்பிஃபை அதைத் தானாகவே உருவாக்கிவிடும், வேர்ட்பிரஸிலும் அப்படியே. ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரி வரை இடம் உண்டு, நம் கடைகளுக்கு ஒன்றே போதும். முக்கியமான நாலைந்து பக்கங்களை மட்டும் முகவரிச் சோதனையில் போட்டுப் பட்டியலிடக் கேளுங்கள். தினமும் கேட்டுக்கொண்டே இருந்தால் வேகம் கூடாது.

3. வாங்குகிறவர் தட்டும் சொல்லைச் சேகரியுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் கேட்கும் படி இது. ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதுநகரில் கருவாடு விற்கும் ஒரு அக்கா என்னிடம், "தம்பி, எங்க கடை பேரைப் போட்டா முதல்லயே வருதே, அப்புறம் என்ன?" என்று கேட்டார். "பேர் தெரிஞ்சவங்க எப்படியும் வந்துடுவாங்க அக்கா, தெரியாதவங்க என்ன போட்டுத் தேடுவாங்க?" என்றேன். அவருடைய தளம் முழுக்க "உலர் மீன் வகைகள்" என்று இருந்தது, தளம் கட்டியவர் மரியாதையாக இருக்கட்டும் என்று அப்படி எழுதியிருக்கிறார். அக்காவின் வாட்ஸ்அப்பைத் திறந்து ஆறு மாத ஆர்டர்களைப் படித்தோம். ஒருவர்கூட உலர் மீன் என்று கேட்கவில்லை. கருவாடு, நெத்திலி கருவாடு, வஞ்சிரம் கருவாடு, உப்பு கம்மியா இருக்குமா, மண் இல்லாம இருக்குமா, இப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

எனவே முதல் ஆதாரம் உங்கள் வாட்ஸ்அப். வாடிக்கையாளர் எழுதியதை எழுத்துப்பிழையோடு அப்படியே ஷீட்டில் ஒட்டுங்கள், திருத்த வேண்டாம்.

தமிழில் தேடுகிறவர்கள் மூன்று விதமாகத் தட்டுவார்கள்: தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, முழு ஆங்கிலத்தில். குரலில் தேடுகிறவர்களின் சொல் பெரும்பாலும் தமிழ் எழுத்தாக விழும். சென்னாகுன்னி என்ற ஒரே குட்டி இறால் கருவாட்டுக்குச் சென்னாக்குன்னி, சென்னாகூனி என்று தமிழிலேயே பல வடிவம், ஆங்கில எழுத்தில் இன்னும் அதிகம். ஒவ்வொன்றையும் தேடல் பெட்டியில் பாதி தட்டி நிறுத்தினால் கூகுள் மீதியை முடித்துக் காட்டும், அதில் வருவது மக்கள் உண்மையிலேயே தேடுவது. கூகுள் ட்ரெண்ட்ஸில் தமிழ்நாட்டை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு சொல்லை ஒப்பிட்டும் பார்க்கலாம். சிறு ஊர்ச் சொற்களுக்கு அதில் கோடு எழும்பாது, அதற்காக அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டாம்.

ஊர்ப் பெயரில் கவனம் வேண்டும். 2006இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி என்று பெயர் மாறியது, ஆனால் வெளியூரிலிருந்து தேடுகிறவர்களில் பலர் இன்னும் பாண்டிச்சேரி, பாண்டி என்றுதான் தட்டுகிறார்கள். கடையின் அஞ்சல் முகவரியில் புதுச்சேரி இருக்கட்டும், பக்கத்தின் எழுத்தில் பாண்டிச்சேரியும் இயல்பாக வரட்டும். கடலூரைக் கூடலூர் என்று தட்டச்சு செய்திருந்த ஒரு கடைப் பக்கத்தையும் திருத்தியிருக்கிறேன், கூடலூர் நீலகிரியிலும் தேனியிலும் இருக்கும் வேறு ஊர்.

4. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்

இப்போது ஷீட்டில் சொற்களுக்கு எதிரே எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எழுதும் முன் அந்தச் சொல்லை மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடி முதல் பத்து முடிவுகளைப் பாருங்கள். எல்லாம் பொருட்களை வரிசையாக அடுக்கிய வகைப் பக்கங்களாக இருந்தால் உங்களுக்கும் வகைப் பக்கம் வேண்டும், கட்டுரை எழுதினால் ஏறாது. "முந்திரி தரம் எப்படிப் பார்ப்பது" என்ற தேடலுக்கு விளக்கக் கட்டுரைகள் வரும், அங்கே பொருள் பக்கத்தைத் தள்ளிப் பயனில்லை.

புதியவர்கள் எல்லாச் சொல்லையும் முகப்புப் பக்கத்தில் கொட்டுகிறார்கள். முகப்பு கடைப் பெயருக்கானது. பொதுவாகத் தேடுகிறவருக்கு வகைப் பக்கம், இன்னதுதான் வேண்டும் என்று தெரிந்தவருக்குப் பொருள் பக்கம்.

"முந்திரி பருப்பு" என்ற தனிச் சொல்லுக்குப் பெரிய விற்பனைத் தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன, அங்கே மோதி நேரத்தை வீணாக்க வேண்டாம். "பண்ருட்டி முந்திரி முழுப் பருப்பு 1 கிலோ" போல நீளமான தேடலில் ஆட்கள் குறைவு, ஆனால் வருகிறவர் வாங்கத்தான் வருகிறார்.

ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கம் வைக்காதீர்கள். கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று மூன்று தனிப் பக்கம் போட்டு, மூன்றிலும் ஒரே விவரத்தை ஒட்டியிருந்தால் கூகுள் எதைக் காட்டுவது என்று தடுமாறும். ஒரே பக்கத்தில் எடையைத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள்.

5. பக்கத்தை எழுதுங்கள்

தலைப்புக் குறிச்சொல்லில் (தேடல் முடிவில் பெரிய எழுத்தில் வரும் வரி) பொருள் முதலில், எடை அடுத்து, கடைப் பெயர் கடைசியில். "பண்ருட்டி முந்திரி டபிள்யூ 320, 1 கிலோ" என்று தொடங்கினால் போன் திரையில் நுனி வெட்டப்பட்டாலும் முக்கியமானது தெரியும். "நல்வரவு" என்று தொடங்கும் தலைப்புகளை இன்றே மாற்றுங்கள். விளக்கக் குறிச்சொல் (அதன் கீழே வரும் வரிகள்) தேடலில் இடத்தை உயர்த்தாது, ஆனால் படித்தவர் சொடுக்குவாரா என்பது அதில்தான் இருக்கிறது, எனவே அனுப்பும் நாள், எடை, தரம் என்று உருப்படியாக எழுதுங்கள். தேடும் சொற்களை அடுக்கும் கீவேர்ட்ஸ் குறிச்சொல்லைக் கூகுள் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே சொல்லிவிட்டது, அதை நிரப்பித் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விவரத்தில் என்ன எழுதுவது என்று திகைக்கிறார்கள். கடையில் நேரில் வந்தவரிடம் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், 300 முதல் 320 முழுப் பருப்பு இருக்கும், எண் குறையக் குறைய பருப்பு பெரிது, 180 அதைவிடப் பெரிது, விலையும் அதிகம். பாயசத்துக்கு உடைத்த பருப்பே போதும், பரிசுப் பெட்டிக்கு 240 நன்றாக இருக்கும். நீங்கள் தினமும் வாயால் சொல்லும் இதை எந்த மொத்த வியாபாரியின் விவரத்திலும் பார்க்க முடியாது. மொத்த வியாபாரி அனுப்பிய வரிகளை அப்படியே ஒட்டினால், அதே வரிகள் இன்னும் ஐம்பது கடைகளிலும் இருக்கும், கூகுள் உங்களுடையதைக் காட்டக் காரணம் இருக்காது.

தமிழ்க் கடைகளுக்கே உரிய இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த விவரத்தைத் தளத்தில் ஒட்டுவது. டிடிபி கடையில் அடித்த நோட்டீஸிலிருந்து எடுத்தால் இப்படித்தான் வரும். அந்த எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துகளின் குவியல்தான், கூகுள் படிப்பதும் அந்தக் குவியலைத்தான். யூனிகோடாக (எல்லாக் கருவியிலும் தெரியும் எழுத்து முறை) மாற்றி, அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாக வந்தால் சரி.

இரண்டாவது, விலைப்பட்டியல் முழுவதையும் போஸ்டர் படமாகப் போடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்க முடியாது. படம் இருக்கட்டும், அதே விவரம் எழுத்தாகவும் பக்கத்தில் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரையில் (படத்தை விளக்கிச் சேர்க்கும் வரி) படத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்: "வெயிலில் காய்ந்த தலை எடுத்த நெத்திலி கருவாடு, அரைக் கிலோ பாக்கெட்". சொற்களை அடுக்கித் திணிக்க வேண்டாம்.

பக்கத்தின் இணைய முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கூகுள் படிக்கும், தடையில்லை. ஆனால் அந்த முகவரியை அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும், புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனிக் குறி. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் தருகிறது, இருபத்திரண்டு குறி தாண்டினால் வெட்டிவிடும். நான் எல்லாக் கடைக்கும் ஆங்கில எழுத்தில் சின்ன முகவரிதான் வைக்கிறேன்.

தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும் என்றால் தனித்தனி முகவரியில் இரண்டு பக்கம் வைத்து, ஹெச்ரெஃப்லாங் என்ற மொழிக் குறியால் ஒன்றையொன்று காட்டச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்தினால் மொழி மாறும், முகவரி மாறாது என்ற ஏற்பாட்டில் கூகுள் ஒரு மொழியை மட்டும்தான் பார்க்கும்.

6. விலையும் இருப்பும் கூகுளுக்குப் புரியும்படி கொடுங்கள்

தேடல் முடிவிலேயே விலை, இருப்பு, நட்சத்திரம் தெரிவது பக்கத்துக்குள் கூகுளுக்காக எழுதும் பொருள் ஸ்கீமா என்ற குறிப்பால். ஷாப்பிஃபை தீம்களும் (தளத்தின் தோற்ற வடிவங்கள்) வேர்ட்பிரஸின் கடை நிரலான வூகாமர்ஸும் பெரும்பாலும் தாமாகவே போட்டுவிடும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனையில் பொருள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். தீம் ஒன்றும் பிளகின் (கூடுதல் நிரல்) ஒன்றுமாக இரண்டு முறை வந்தால் ஒன்றை நிறுத்துங்கள், இரண்டிலும் விலை வேறாகிவிட்டால் சிக்கல்.

வராத வாடிக்கையாளர் பெயரில் நட்சத்திரம் போட வேண்டாம். பிடிபட்டால் நட்சத்திரத்தோடு விலையும் தேடல் முடிவிலிருந்து போய்விடும்.

அடுத்து மெர்ச்சன்ட் சென்டர். விளம்பரத்துக்குப் பணம் கட்டாமலே இலவசப் பட்டியலில் பொருட்கள் வரும், நம் கடைக்காரர்களில் நிறையப் பேருக்கு இது தெரியவே இல்லை. முதல் படியில் எழுதி வைத்த அனுப்பும் விதியும் திருப்பி எடுக்கும் விதியும் இங்கேதான் உதவும், அவை தளத்தில் இல்லை என்றால் கணக்கே நிராகரிக்கப்படலாம். கருவாடு விலை வாரத்துக்கு வாரம் மாறும், தளத்தில் மாற்றிவிட்டு இங்கே மாற்றாமல் விட்டால் அந்தப் பொருளை நிறுத்திவிடுவார்கள், எனவே கையால் ஏற்றாமல் கடை மென்பொருளோடு இணைத்துவிடுங்கள்.

7. வேகம்

இதை முதலில் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏழாவது இடம் போதும். திரையில் மிகப் பெரிய எழுத்துப் பகுதி அல்லது படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகள். நம் கடைகளில் மெதுவாவதற்குக் காரணம் பெரும்பாலும் போனில் எடுத்து அப்படியே ஏற்றிய படம். அகலத்தைக் குறைத்து வெப்பி (சிறிய அளவில் சேமிக்கும் பட வகை) வடிவில் ஏற்றுங்கள். முதல் படத்துக்கு மட்டும் லேசி லோட் (திரைக்கு வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் முறை) போட வேண்டாம், அது தாமதமாகத்தான் வரும். முகப்பில் தானாக நகரும் ஐந்து பேனர் இருந்தால் ஒன்றாக்கிவிடுங்கள்.

8. சரக்கு தீர்ந்தால் பக்கத்தை அழிக்காதீர்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை வெள்ளத்தில் அனுப்ப வழியில்லாமல் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் எல்லாப் பொருள் பக்கங்களையும் நீக்கிவிட்டார், வரும் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தில்தான். திரும்ப ஏற்றியபோது முகவரிகள் மாறிவிட்டன, பழைய இடம் திரும்பி வர மாதங்கள் ஆயின. வாங்கும் பொத்தானை மட்டும் நிறுத்தி, "மழையால் இரண்டு வாரம் அனுப்ப முடியாது" என்று மேலே எழுதியிருந்தால் போதும்.

பலாப்பழப் பொருட்கள், தீபாவளிப் பெட்டி போலப் பருவத்துக்கு வருபவைக்கும் இதே முறை. முகவரியில் ஆண்டைப் போடாமல் ஒரே பக்கத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பியுங்கள், சேர்ந்த மதிப்பு அங்கேயே இருக்கும். இனிமேல் விற்கவே போவதில்லை என்றால் நெருக்கமான பொருளுக்கு 301 திருப்பம் (பழைய முகவரியிலிருந்து நிரந்தரமாகத் திருப்பி விடுவது) கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவது தவறு, நெத்திலி தேடி வந்தவருக்கு முகப்பு எதற்கு? நெருக்கமானது எதுவும் இல்லை என்றால் 404 (பக்கம் இல்லை என்ற செய்தி) வரட்டும், அதனால் கெடுதல் இல்லை.

9. நேரில் வரும் கடை இருந்தால்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ பாண்டிச்சேரி மிஷன் வீதியிலோ ஆட்கள் வந்து வாங்கும் கடை இருந்தால் வணிகச் சுயவிவரம் தொடங்குங்கள். கடையின் வாசல், பெயர்ப்பலகை, உள்ளே இருக்கும் சரக்கு என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள், பலகை மாட்டிய பிறகு விண்ணப்பியுங்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்காத, இணையத்தில் மட்டும் விற்கும் கடைக்கு இது கிடையாது. வீட்டு முகவரியைக் கடை என்று காட்டித் தொடங்கினால் பின்னால் முடக்கப்படலாம்.

பொருள் சேர்ந்த மூன்றாவது நாள் வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பி மதிப்புரை கேளுங்கள். நூறு கிராம் முந்திரி இலவசம் என்று சொல்லிக் கேட்காதீர்கள், அது கூகுள் விதிக்கு எதிரானது.

10. இணைப்புகள்

ஐயாயிரம் ரூபாய்க்கு மற்ற தளங்களிலிருந்து ஐந்நூறு இணைப்பு என்று போன் வரும். வாங்காதீர்கள், அது ஸ்பாம் என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்கிறது. உங்களிடம் சரக்கு எடுக்கும் பேக்கரி, தங்கும் விடுதி, பரிசுப் பொருள் கடை ஆகியவற்றின் தளத்தில் "முந்திரி இவர்களிடம் வாங்குகிறோம்" என்று ஒரு வரி கேளுங்கள். அப்படி நாலு இணைப்பு கிடைத்தால் நல்லது. உங்கள் தளத்துக்குள்ளேயும் கட்டுரையிலிருந்து பொருள் பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள், "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல் பொருளின் பெயரிலேயே.

11. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியது

ஒரு மாற்றம் சில மணி நேரத்திலும் தெரியலாம், சில மாதமும் ஆகலாம். தினமும் தேடிப் பார்த்துத் தவிக்க வேண்டாம், அதுவும் உங்கள் போனில் தேடினால் உங்களுக்கேற்ற முடிவுதான் வரும்.

சர்ச் கன்சோலில் செயல்திறன் பகுதியைத் திறந்து, சராசரி இடம் 8 முதல் 20 வரை இருக்கும் தேடல்களைத் தனியாக எடுங்கள். அந்தப் பக்கங்களுக்குக் கொஞ்சம் விவரமும் இரண்டு உள் இணைப்பும் கூட்டினால் மேலே வர வாய்ப்பு அதிகம், புதுப் பக்கம் எழுதுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும். நிறையப் பேர் பார்த்தும் சொடுக்காத பக்கங்களுக்குத் தலைப்பை மாற்றுங்கள். பட்டியலில் நீங்கள் நினைத்தே பார்க்காத சொல் வந்தால் அதை மூன்றாவது படியின் ஷீட்டில் சேர்த்துவிடுங்கள், கருவாட்டுக் கடைக்கு "மண் இல்லாத கருவாடு" என்ற பக்கம் அப்படித்தான் பிறந்தது.

ஷீட்டில் இன்னொரு தாள் திறந்து, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்று குறித்து வையுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தகவல் வைத்திருக்கும், இந்த ஆடி மாதத்தைப் போன ஆடியோடு ஒப்பிடலாம். தீபாவளி மாதத்தோடு ஒப்பிட்டால் விழுந்துவிட்டதாகத் தெரியும், பயந்து நல்ல தலைப்பை மாற்றிவிடுவீர்கள்.